சொந்த மகள் போட்ட கோலுக்குக் கொடி தூக்கிவிட்டேன்

குற்றாலச்சாரல் · ஞாயிறு காலை 6.10

நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. எழுதிவிட்டால் கொஞ்சம் தெளியும் என்று தோன்றுகிறது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. இருவரும் ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற சிறுவர் கால்பந்து அமைப்பில் ஆடுகிறார்கள். மகன் கப் ஸ்கவுட்டிலும், அதாவது சின்னப் பிள்ளைகளின் சாரணர் படையிலும் இருக்கிறான். அங்கே வகுப்புக்கு ஒரு விலங்குப் பெயர். இரண்டாம் வகுப்பு என்பதால் இந்த வருடம் அவன் ஓநாய். போன வருடம் புலி. புலி வளர்ந்து ஓநாயாகும், ஓநாய் வளர்ந்து கரடியாகும். ஏன் என்று கேட்கக் கூடாது.

இங்கே இவை இரண்டுமே பெற்றோர் தோளில் ஓடுகிற வண்டிகள். சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் கிடையாது. சீசனுக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் வரும்: பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் அணி கலைக்கப்படும். எல்லா வீட்டிலும் அதைப் படித்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் பதில் போடட்டும் என்று காத்திருப்பார்கள். நான் மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் பதில் போட்டேன். பயிற்சியாளர் ஆனது அப்படித்தான். நடுவர் வகுப்புக்குப் போனதும், ஸ்கவுட்டின் பொம்மைக் கார் பந்தயமான டெர்பிக்கு மடிக்கணினி தூக்கியதும் அதே கதைதான்.

இதற்கு விரல் ரேகை வேறு. பிள்ளைகளோடு தொடர்ந்து வேலை செய்யும் தன்னார்வலர்கள் ரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனை முடிக்க வேண்டும் என்று 2022 முதல் இந்த மாநிலத்தில் சட்டம். கால்பந்துக்கு ஒரு தடவை கொடுத்தேன், ஸ்கவுட்டுக்கு ஒரு தடவை கொடுத்தேன். அதே பத்து விரல். மாமனார் தொலைபேசியில் கேட்டார்: "பந்து பொறுக்கிப் போடறதுக்கு ரேகையா மாப்பிள்ளை?"

சரி, நேற்றைய கதை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மனைவி மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை இரண்டு மணி வரை பணி. ஆக இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு. ஆறரைக்கு மைதானம். முதல் ஆட்டக்காரர்கள்தான் வலை கட்ட வேண்டும். பனியில் நனைந்த புல், ஷூவுக்குள் ஈரம், விரல் விறைத்துப்போய் வலையின் கொக்கி மாட்டவே மாட்டேன் என்கிறது.

எட்டு மணிக்கு மகனின் ஆட்டம். பக்கத்துக்கு நான்கு பேர், கோல்காப்பாளர் கிடையாது. நான் எவ்வளவு கத்தினாலும் எட்டுப் பேரும் பந்தைச் சுற்றியேதான் ஓடுவார்கள், ட்யூப்லைட்டைச் சுற்றும் ஈசல் மாதிரி. ஒரு பையன் மட்டும் நடுமைதானத்தில் உட்கார்ந்து மஞ்சள் பூ பறித்துக்கொண்டிருந்தான். அவனும் குறைந்தது பாதி ஆட்டம் ஆடியே தீர வேண்டும். எல்லாரும் ஆட வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் முதல் கொள்கை. அந்தப் பூக்காரனை உள்ளே விட நான் யாரை வெளியே கூப்பிட்டேனோ, அந்தப் பையனின் அப்பா என்னைப் பார்த்த பார்வைக்குத் தனி இழையே தொடங்கலாம்.

ஒன்பதே முக்காலுக்கு மகளின் ஆட்டம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர், பக்கத்துக்கு ஒன்பது பேர். கோட்டோரம் கொடி பிடிக்க வரவேண்டிய லைன்ஸ்மேனுக்குக் காய்ச்சல். என் நடுவர் சட்டை காரிலேயே இருந்தது. நடுவில் விசில் ஊதியவன் பதினைந்து வயதுப் பையன், பாவம், அவனைத் தனியாக விட மனமில்லை. கொடியை வாங்கிக்கொண்டேன்.

கொடி கையில் இருந்தால் கைதட்டக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. கோட்டோடு ஓட வேண்டும், ஆஃப்சைடு என்றால், அதாவது பந்தைத் தள்ளிவிடும்போதே ஆள் எதிரணித் தடுப்பைத் தாண்டி நின்றால், கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கினால் கோல் செல்லாது. இரண்டாம் பாதியில் மகளின் அணி என் பக்கத்துக் கோலை நோக்கி ஆடியது. கடைசி ஐந்து நிமிடம், ஆளுக்கு ஒரு கோல். நடுவிலிருந்து ஒரு பெண் பந்தைத் தள்ளிவிட, என் மகள் பிரிந்து ஓடினாள், கோல்காப்பாளர் இடது பக்கம் விழ, வலது மூலையில் தள்ளினாள். இந்த சீசனில் அவளுடைய முதல் கோல்.

திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கொடியைத் தூக்கியபடி நின்றிருந்தேன்.

ஆட்டம் சமன். காரில் ஏறியதும் "ஸ்நாக்ஸ் பையை எடுத்தியாப்பா" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரை பேச்சில்லை.

மதியம் மகனின் பைன்வுட் டெர்பி. தெரியாதவர்களுக்கு: ஒரு சின்னப் பைன் கட்டை, நாலு ஆணி, நாலு பிளாஸ்டிக் சக்கரம் கொடுப்பார்கள். அதைச் செதுக்கிக் காராக்கிச் சரிவான தடத்தின் உச்சியிலிருந்து விட வேண்டும். மோட்டார் கிடையாது, புவியீர்ப்பு மட்டும்தான். எடை 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, அதாவது 142 கிராமுக்குள். மகன் தன் காருக்கு மயில் நீலம் பூசி 'மயில்' என்றே பெயரும் வைத்திருந்தான். நான் முடிவுக் கோட்டில் மடிக்கணினியோடு நேரம் பதிகிற ஆள். மூன்றாவது ஓட்டத்தில் மயிலின் முன்சக்கரம் கழன்று உருண்டு நாற்காலிகளுக்கு அடியில் போய்விட்டது. அவன் அழ ஆரம்பித்தான். இன்னும் எட்டு ஓட்டம் பாக்கி. எழுந்திருக்க முடியவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒரு அப்பா தரையில் மண்டியிட்டுச் சக்கரத்தைத் தேடி எடுத்து, ஆணியில் பசை வைத்து ஒட்டிக் கொடுத்ததைத் திரைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நேரம் பதிந்தேன்.

வீடு வரும்போது இரவு எட்டு. சொல்லுங்கள், அந்தக் கொடியைத் தூக்கியது சரியா?

பனங்கிழங்கு · ஞாயிறு காலை 7.02

அண்ணை, ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். கனடாவில் அந்த டெர்பிக்குப் பெயர் கப் கார். கட்டை அதே, கண்ணீரும் அதே. என் பெடியன் ஐஸ் ஹாக்கியும் ஆடுகிறான். ஐஸ் கிடைக்கிற நேரம் காலை ஆறு மணி. வெளியில் மைனஸ் பதினெட்டு, உள்ளே அதைவிடக் குளிர் என்று என் கால் சொல்கிறது. நான் கதவு திறந்துவிடுகிற அப்பா. வேலை என்னவென்றால், ஆட்களை மாற்றும்போது பெஞ்ச் கதவைத் திறந்து மூடுவது. மூன்று வருட அனுபவம்.

நான் யாழ்ப்பாணத்தில் சாரணனாக இருந்தவன். எங்களுக்குச் சாரணர் வேலை வாரம் என்று ஒன்று வரும். அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வளவு கூட்டி, சைக்கிள் கழுவிக் காசு சேர்ப்போம். அம்மா அப்பா கூட வந்ததாக ஞாபகமே இல்லை. இங்கே பிள்ளை பொப்கோர்ன் விற்கப் போனால் நானும் பக்கத்தில் நின்று விற்கிறேன். சில நாள் நான் மட்டும்தான் விற்கிறேன், அவன் தின்கிறான்.

கொடிக் கதைக்கு என்னிடம் விடை இல்லை. வாசித்ததும் நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது.

ஆஃப்சைடு_ஆறுமுகம் · ஞாயிறு காலை 7.40

சரியா தவறா என்று சொல்வதற்கு முன் சில தகவல்கள் வேண்டும்.

நடுவிலிருந்த பெண் பந்தைத் தொட்ட அந்தக் கணத்தில் உங்கள் மகள் எங்கே இருந்தாள்? பந்து வந்து சேர்ந்தபோது எங்கே இருந்தாள் என்பது கணக்கில்லை. கோலிலிருந்து எண்ணி இரண்டாவது எதிரணி ஆளுக்கும் பந்துக்கும் அப்பால் தலையோ உடம்போ காலோ போயிருக்க வேண்டும். கை கணக்கில் வராது. சமக்கோட்டில் இருந்தால் ஆஃப்சைடு இல்லை. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், தன் அணியின் பாதியில் நின்றிருந்தாலும் இல்லை. த்ரோ இன்னில், அதாவது பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிந்து நேராக வந்த பந்து என்றாலும் இல்லை.

இன்னொன்று, நீங்கள் நடுவர் வகுப்பு முடித்தவரா? வராத லைன்ஸ்மேனுக்குப் பதிலாக ஓரத்தில் நிற்கும் பெற்றோர் கையில் கொடியைக் கொடுத்தால், பந்து வெளியே போனதா என்பதை மட்டும் காட்டச் சொல்வதுதான் வழக்கம். ஆஃப்சைடுக்குத் தூக்க விடமாட்டார்கள். காரணமே நீங்கள் எழுதியதுதான்.

குற்றாலச்சாரல் · ஞாயிறு காலை 8.15

வகுப்பு முடித்து அட்டை வாங்கியவன்தான். நடுக்கோட்டைத் தாண்டியாயிற்று, த்ரோ இன் இல்லை. பந்தைத் தொட்ட கணத்தில் மகளின் இடது தோளும் முன்காலும் கடைசித் தடுப்பாட்டக்காரிக்கு அப்பால். அப்படித்தான் பார்த்தேன்.

நிலாஅம்மா · ஞாயிறு காலை 9.30

எல்லாரும் ஆஃப்சைடு பேசுங்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கியது யார்?

நியூ ஜெர்சியில் இரண்டு பெண்களின் அம்மா. பெரியவள் கேர்ள் ஸ்கவுட், பிஸ்கட் விற்றுப் பணம் சேர்க்கிற பெண் சாரணர் படை. ஜனவரி வந்தால் என் கார் நிறுத்துமிடம் பிஸ்கட் கிடங்காகிவிடும், கார் வெளியே பனியில் நிற்கும். கடை வாசலில் மேசை போட்டு விற்கும்போது பத்துப் பேர் வந்து "எவ்வளவு சமர்த்துப் பிள்ளை" என்பார்கள். பெட்டி எண்ணி, பணம் எண்ணி, எந்தப் பெட்டி யாருக்கு என்று இரவு பன்னிரண்டு வரை கணக்கு எழுதுகிறவளைப் பார்த்து யாரும் எதுவும் சொன்னதில்லை.

சார் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடி பிடிப்பதும் விசில் ஊதுவதும் கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதை அப்பாக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஜெர்ஸி துவைத்து, யாருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை என்று பட்டியல் போட்டு, அடுத்த வாரம் ஸ்நாக்ஸ் யார் முறை என்று நினைவூட்டுகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்.

குற்றாலச்சாரல் · ஞாயிறு காலை 9.52

நறுக்கியது மனைவி. வெள்ளி இரவு பதினோரு மணிக்கு, இருபது ஆரஞ்சு. நான் அப்போது மகனுடைய காரின் ஆணிக்குக் கிராஃபைட் பொடி தடவிக்கொண்டிருந்தேன். முதல் பதிவில் ஆரஞ்சு வரவே இல்லை என்பதை நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

நிலாஅம்மா · ஞாயிறு காலை 9.55

மன்னித்தேன். மனைவி மன்னிப்பாரா தெரியாது.

சும்மாவந்தேன் · ஞாயிறு காலை 10.20

மனுநீதிச் சோழன் மகன் மேல் தேரை ஏற்றினான். நீங்கள் மகளுக்குக் கொடி ஏற்றினீர்கள். மதியமே மகனின் தேருக்குச் சக்கரம் கழன்றது. திருவாரூர்க் கணக்கு நேராகிவிட்டது, போய்த் தூங்குங்கள் சார்.

டீக்கடைபெஞ்ச் · ஞாயிறு காலை 11.05

கிராஃபைட் தடவியது நீங்களா, மகனா? கார் யார் செய்தது என்று யாராவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். எங்கள் டெக்ஸாஸ் பேக்கில், அதாவது கப் ஸ்கவுட் குழுவில், ஏழு வயதுப் பையன் கொண்டு வந்த கார் ஒன்று, காற்றுச் சுரங்கத்தில் சோதித்தது போல வழவழவென்று இருந்தது. டங்ஸ்டன் எடைகளைப் பின்பக்கமாகப் பதித்து, ஒரு முன்சக்கரம் தடத்தில் படாமல் லேசாகத் தூக்கி வைத்திருந்தார்கள். பையனிடம் "எப்படிச் செய்தாய்" என்றால், "அப்பா தொடாதே என்று சொன்னார்" என்கிறான்.

பின்பக்கம் எடை வைப்பதில் தந்திரம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். தடம் சரிவாக இருப்பதால் காரின் பின்பகுதி முன்பகுதியைவிட உயரத்தில் நிற்கும். எடை அங்கே இருந்தால் கொஞ்சம் கூடுதல் உயரத்திலிருந்து விழுகிற மாதிரி. சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஜெயிப்பதும் தோற்பதும் நொடியின் நூறில் ஒரு பங்கில்.

இந்தப் பந்தயம் 1953ல் உங்கள் கலிஃபோர்னியாவிலேயே, மன்ஹாட்டன் பீச்சில் தொடங்கியது. டான் மர்ஃபி என்ற கப் ஸ்கவுட் தலைவரின் மகனுக்கு, பிள்ளைகள் உட்கார்ந்து ஓட்டும் சோப்புப்பெட்டிக் கார் பந்தயத்தில் சேர வயது போதவில்லை. அப்பாவும் மகனும் சேர்ந்து செய்யட்டும் என்றுதான் சின்னக் காராக்கினார். இப்போது மகனைக் கழித்துவிட்டார்கள்.

குற்றாலச்சாரல் · ஞாயிறு காலை 11.30

ரம்பம் நான். உப்புத்தாள் தேய்த்ததும் பெயின்ட் அடித்ததும் அவன். ஆணி அடித்ததும் அவனேதான், அதனால்தான் சக்கரம் கழன்றது. 31 காரில் 26ஆவது இடம். இரவு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

கணக்குவாத்தியார் · ஞாயிறு மாலை 4.45

தம்பி, திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், பள்ளியில் சாரணர் படைக்குப் பொறுப்பாக இருபத்தாறு வருடம் இருந்தவன். நீங்கள் ஓநாய் என்று சொல்வதை இங்கே குருளையர் என்போம். வயது ஏறினால் சாரணர். எங்கள் காலத்தில் பெற்றோர் முகாமுக்கு வந்தால் ஒன்று புகார், இல்லாவிட்டால் எலுமிச்சை சாதம். இரண்டும் இல்லாமல் உதவிக்கு வந்தவர் என்று ஒருவரைக்கூட நினைவில்லை. 2025 ஜனவரியில் மணப்பாறையில் சாரணர்களின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தபோது பார்வையாளனாகப் போயிருந்தேன். கூடாரங்களைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காக நடந்தேன். கால் வலித்தது, மனம் வலிக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் மகன் என் படையிலேயே இருந்தான். முடிச்சுத் தேர்வு. தேர்வாளராக வரவேண்டியவர் பஸ் கிடைக்காமல் வரவில்லை, நானே வைத்தேன். ரீஃப் முடிச்சு போடச் சொன்னேன். வலது மேல் இடது, இடது மேல் வலது என்று மாற்றிப் போட வேண்டியதை இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டான். அதைப் பாட்டி முடிச்சு என்பார்கள், இழுத்தால் நழுவும். தேறவில்லை என்று எழுதினேன்.

இதில் தவறு ஒன்றுமில்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் அவனே சொன்னான்: "அப்பா, அன்றைக்கு இன்னும் மூன்று பேர் அதே தப்பைப் பண்ணினார்கள். அவர்களை இன்னொரு தடவை போடச் சொன்னீர்கள். என்னைச் சொல்லவில்லை."

அவன் சொன்னது உண்மை. வாத்தியார் தன் பிள்ளைக்குச் சலுகை காட்டினார் என்று ஒருவன் சொல்லிவிடுவானோ என்ற பயத்தில், மற்றவர்களுக்குக் கொடுத்ததை அவனுக்குக் கொடுக்காமல் விட்டேன். அவனுக்கு இப்போது ஐம்பது வயது. ஷூ லேஸ் கட்டும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

ஆகவே என் கேள்வி ஒன்றே ஒன்று. அது வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் கொடி மேலே போயிருக்குமா?

ஆஃப்சைடு_ஆறுமுகம் · ஞாயிறு மாலை 5.10

ஐயா கேட்டதுதான் கேள்வி. சேர்த்துக்கொள்ள ஒன்று: சந்தேகம் இருந்தால் கொடி கீழேயே இருக்க வேண்டும் என்றுதான் எங்களுக்கெல்லாம் வகுப்பில் சொல்வார்கள். சாரல், உங்களுக்குச் சந்தேகம் இருந்ததா?

குற்றாலச்சாரல் · ஞாயிறு இரவு 9.40

மாலையிலிருந்து இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

இருந்தது. தோள் அப்பால் என்று எழுதினேன் அல்லவா, அது உண்மை. ஆனால் கால் என்று எழுதியது பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதோ என்று இப்போது தோன்றுகிறது. முதல் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி என் பக்கம் கிட்டத்தட்ட இதே மாதிரி ஓடினாள். அப்போது கொடி கீழேதான் இருந்தது. அந்தக் கோலும் நின்றது. எதிரணிப் பெற்றோர் எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏழாம் நம்பர் உங்கள் மகள்தானே?" வேடிக்கையாகத்தான் கேட்டார்.

கை தானாகப் போனது என்று சொல்ல ஆசை. தானாகப் போகவில்லை.

பனங்கிழங்கு · ஞாயிறு இரவு 9.58

அண்ணை, பிள்ளையிடம் இதைச் சொன்னீர்களா?

குற்றாலச்சாரல் · ஞாயிறு இரவு 10.03

இல்லை.

கணக்குவாத்தியார் · திங்கள் காலை 5.30

சொல்லுங்கள் தம்பி. நான் முப்பது வருடம் தாமதித்தேன்.

நிலாஅம்மா · திங்கள் காலை 8.12

சொல்லுங்கள். கூடவே அடுத்த வாரம் அந்தக் கொடியை வேறு யாராவது பிடிக்கட்டும். முடியாது என்று ஒரு மின்னஞ்சல் போட்டால் உலகம் இடிந்துவிடாது. நான் இந்த வருடம் பிஸ்கட் கணக்கை இன்னொரு அம்மாவிடம் தள்ளிவிட்டேன். அவர் என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார், அதுதான் கொஞ்சம் எரிச்சல்.

டீக்கடைபெஞ்ச் · திங்கள் காலை 8.40

கொடியை யாராவது பிடிப்பார்கள் என்கிறீர்கள். யார்? அந்தப் பதினைந்து வயதுப் பையன் தனியாக நின்று, ஓரத்து அப்பாக்களின் கத்தலை எல்லாம் வாங்கிக்கொண்டிருப்பான். இவர் மாதிரி ஆட்கள் ஒதுங்கினால் அடுத்த வருடம் அவனும் வரமாட்டான். மகள் ஆடாத ஆட்டத்துக்கு இவர் கொடி பிடிக்கட்டும், இவர் மகளின் ஆட்டத்துக்கு வேறு அப்பா வரட்டும். டெர்பியில் மண்டியிட்டுச் சக்கரம் ஒட்டியவர் மாதிரி ஒருவர்.

குற்றாலச்சாரல் · வியாழன் இரவு 10.15

கேட்டவர்களுக்காக. சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாயிற்று. காலை ஏழரைக்கு வேறு இரண்டு அணிகளுக்குக் கொடி பிடிக்கிறேன். மகளின் ஆட்டத்தில் மடக்கு நாற்காலியில் உட்காருகிறேன். ஆரஞ்சு நான் நறுக்குகிறேன்.

மகளிடம் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். முதல் பாதியில் அந்தப் பெண்ணுக்குத் தூக்காததையும் சேர்த்தே சொன்னேன். அவள் அழுவாள், கோபப்படுவாள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போய் உப்பு டப்பாவையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் எடுத்து வந்தாள். உப்பு டப்பா அவள், ஊறுகாய் தடுப்பாட்டக்காரி, தயிர்க் கிண்ணம் கோல்காப்பாளர். மகன் ஓடிப்போய் மயிலைக் கொண்டு வந்து பந்து என்று வைத்தான். இருபது நிமிடம் போனது.

ஆஃப்சைடு_ஆறுமுகம் · வியாழன் இரவு 10.31

முடிவு? உப்பு டப்பா எங்கே நின்றது?

குற்றாலச்சாரல் · வியாழன் இரவு 10.36

ஊறுகாய்ப் பாட்டிலுக்குச் சமமாக என்கிறாள். நான் மூடி அளவு தள்ளி வைத்தேன். அவள் திரும்ப நகர்த்தினாள். நானும் நகர்த்தினேன். மனைவி வந்து தயிரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.